மொத்தம் ஏன் பொருந்தவில்லை? சுயசேவைப் பகுப்பாய்வில் தரவை எடுப்பதிலும் மாற்றுவதிலும் நேரும் பிழைகளை அறிகுறி வாரியாக நீக்கும் வழிமுறை

கணினிப் பிரிவு என்று தனியாக ஒன்று இல்லாத அலுவலகங்களில், எக்செலுக்குள் தரவை எடுத்து மாற்றித் தரும் பவர் கொயரியையோ, அதே வசதியுள்ள அறிக்கை மென்பொருளான பவர் பிஐயையோ தாமே கற்றுக்கொண்டு மாத அறிக்கை தயாரிக்கும் கணக்கர்களுக்கும் மேலாளர்களுக்குமாக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டுக்குக் குமரி மாவட்டத்தின் மலையடிவாரப் பகுதியில் இயங்கும் ஒரு ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தை வைத்துக்கொள்வோம். குலசேகரம், அருமனை, திருவட்டாறு, கடையால் ஆகிய ஊர்களில் அதற்குப் பால் சேகரிப்பு நிலையங்கள் உள்ளன. விடியற்காலையில் வெட்டிய பால் நிலையத்துக்கு வந்ததும் அதன் எடையும், டிஆர்சி எனப்படும் உலர் ரப்பர் சதவீதமும் சீட்டில் பதிவாகின்றன. மாத முடிவில் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒரு சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) நாகர்கோவில் அலுவலகத்துக்கு வருகிறது. அலுவலகத்தில் உறுப்பினர் பட்டியல் ஓர் எக்செல் கோப்பாக இருக்கிறது. ரப்பர் வாரியம் வெளியிடும் கோட்டயம் சந்தையின் ஆர்எஸ்எஸ் 4 தர ரப்பர் தாளின் அன்றாட விலை மூன்றாவது மூலம். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் அறிக்கை உருவாகிறது. குளச்சல் மீன் ஏலக் கணக்கானாலும் தோவாளைப் பூச்சந்தைக் கணக்கானாலும் மூலங்களின் பெயர்தான் மாறும், அறிகுறிகள் பெரும்பாலும் இவையே.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஏற்பாடு

பல அறிக்கைகளில் கோப்பைத் திறப்பது, வேண்டாத வரிசைகளை நீக்குவது, பெயர்களைத் திருத்துவது, உறுப்பினர் பட்டியலோடு இணைப்பது, மாத மொத்தம் போடுவது ஆகிய எல்லாமே ஒரே கொயரிக்குள், அதாவது வரிசையாக ஓடும் ஒரே படித்தொகுப்புக்குள், நாற்பது ஐம்பது படிகளாகக் குவிந்திருக்கின்றன. அத்தகைய கொயரியில் எண் தவறினால் எந்தப் படியில் தவறியது என்பதை எழுதியவராலேயே சொல்ல முடியாது. ஆகவே முதலில் அதை மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும். முதல் அடுக்கான மூலக் கொயரி, கோப்பைப் படித்து, தலைப்பு வரிசையை ஏற்று, எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து வகையாகவே வைத்துக்கொள்கிறது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் அங்கே திருத்துவதில்லை. இரண்டாவதான சீர் கொயரி, மூலக் கொயரியைச் சுட்டி எடுத்து, தேதியைத் தேதியாகவும் எடையை எண்ணாகவும் மாற்றுகிறது; அலகு, பெயர், திரும்ப வந்த சீட்டு ஆகியவற்றைச் சரிசெய்கிறது. மூலங்களை ஒன்றோடொன்று இணைப்பதும் மொத்தம் போடுவதும் மூன்றாவதான அறிக்கைக் கொயரியில் மட்டுமே நடக்கின்றன. முதல் இரண்டுக்கும், விடையை அறிக்கைக்குள் ஏற்றும் ‘எனேபிள் லோட்’ தேர்வை நீக்கிவிடலாம். கொயரிகளுக்கு ‘மூலம்_எடைச்சீட்டு’, ‘சீர்_எடைச்சீட்டு’ என்று அடுக்கின் பெயரையே முன்னொட்டாக வைத்தால், பிறகு வேறொருவர் திறக்கும்போது விளக்கம் தேவைப்படாது.

இந்த ஏற்பாடு இருந்தால், எந்தப் பிழைக்கும் முதல் சோதனை ஒன்றே. ஒரு நிலையத்தையும் ஒரு மாதத்தையும் தேர்ந்துகொண்டு, மூன்று அடுக்கிலும் வரிசைகளின் எண்ணிக்கையையும் மொத்தக் கிலோவையும் பார்த்து, நிலையத்தின் கையெழுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் பேச்சிப்பாறை அணையிலிருந்து மதகு மதகாகப் பார்த்துக்கொண்டு வருவது போல, எந்த இரண்டு அடுக்குகளுக்கு இடையில் எண் மாறுகிறது என்று கண்டுவிட்டால் தேட வேண்டிய இடம் பத்துப் படிகளுக்குள் சுருங்கிவிடும். மூல அடுக்கிலேயே எண் பொருந்தவில்லையென்றால் கொயரியில் கைவைக்கவே வேண்டாம். கோப்பு முழுமையாக வந்ததா என்று நிலையத்தைக் கேட்பதே முறை.

அறிகுறி: ரிஃப்ரெஷ் (தரவைப் புதுப்பித்தல்) பாதியில் நின்று, ஒரு நெடுவரிசை காணவில்லை என்ற செய்தி வருகிறது

நிலையத்தில் யாரோ ‘டிஆர்சி’ என்ற தலைப்பை ‘டிஆர்சி %’ என்று மாற்றியிருப்பார்கள். அல்லது தலைப்பின் இறுதியில் ஓர் இடைவெளி சேர்ந்திருக்கும். கோப்பைத் திறந்தவுடன் பவர் கொயரி தானாகச் சேர்க்கும் ‘சேஞ்ச்ட் டைப்’ என்ற படி, அன்றிருந்த எல்லா நெடுவரிசைகளின் பெயரையும் உள்ளே எழுதிவைத்துக்கொள்கிறது. நீங்கள் பயன்படுத்தாத ‘குறிப்பு’ நெடுவரிசை மறைந்தால்கூட அந்தப் படி நின்றுவிடும். மூலக் கொயரியிலிருந்து அந்தப் படியை நீக்கி, விருப்பத் தேர்வுகளில் தானியங்கி வகை கண்டறிதலை அணைத்துவிட வேண்டும். தேவையான நெடுவரிசைகளைச் சீர் கொயரியின் முதல் படியில் ஒருமுறை மட்டும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தால், தலைப்பு மாறும்போது திருத்த வேண்டிய இடமும் ஒன்றாகவே இருக்கும்.

இல்லாத நெடுவரிசையைப் பொருட்படுத்தாமல் மேலே செல்லுமாறு பணிக்கும் ஒரு தேர்வும் பவர் கொயரியில் உண்டு. தேதி, உறுப்பினர் எண், எடை, டிஆர்சி ஆகிய நான்குக்கும் அதைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அறிக்கை இன்று நின்றால் ஒரு தொலைபேசி அழைப்பில் சரியாகிவிடும். அருமனை நிலையத்தின் எடை முழுவதும் வெறுமையாகி, அறிக்கை வழக்கம்போல வெளியானால், அதை யாராவது கவனிக்கப் பணப்பட்டுவாடா வரை ஆகலாம்.

கோப்புறையிலிருந்து எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு இதன் மறுபக்கமும் நேரும். சேர்க்கும் படி, மாதிரிக் கோப்பில் கண்ட நெடுவரிசைகளை மட்டுமே விரிக்கிறது. ஆகவே புதிய நிலையம் கூடுதலாக அனுப்பும் ‘ஒட்டுப்பால் எடை’ எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் விடுபட்டுப்போகும். புதிய நிலையம் சேரும் மாதத்தில் அந்தப் படியைக் கையால் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அதே கோப்புறையில் யாராவது எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்திருந்தால் ‘~$’ என்று தொடங்கும் தற்காலிகக் கோப்பு தோன்றி அதுவும் படிக்கப்படும். கோப்பின் பெயரையும் வகையையும் கொண்டு வடிகட்டி அதை முதலிலேயே விலக்கிவிடலாம்.

அறிகுறி: ரிஃப்ரெஷ் வெற்றி, ஆனால் மாதத்தின் பிற்பாதி காணவில்லை, வரைபடத்தில் ஒவ்வொரு மாதமும் 4ஆம் தேதி மட்டும் உயர்ந்து நிற்கிறது

இது தேதி முறைக் குழப்பத்தின் அடையாளம். ஏப்ரல் மாதக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் 03/04/2025 என்று எழுதியிருக்கிறது. அறிக்கை தயாரிக்கும் கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை மார்ச் 4 என்று படிக்கும். 01/04 ஜனவரி 4 ஆகும், 02/04 பிப்ரவரி 4 ஆகும், 12/04 டிசம்பர் 4 ஆகும். ஏப்ரல் 4 மட்டும் தற்செயலாகச் சரியாக இருக்கும். 13 முதல் 30 வரையுள்ள பதினெட்டு நாள்களுக்கு அப்படியொரு மாதமே இல்லாததால் அவை பிழையாகி, ஏற்றும்போது வெறுமையாகிவிடும். எனவே பாதிக்கு மேற்பட்ட தரவு மறைகிறது. மீதியில் பெரும்பகுதி வேறு மாதங்களின் 4ஆம் தேதியில் போய் உட்காருகிறது. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கொஞ்சம் குறைந்திருப்பதாகத்தான் தோன்றும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, பிழை வரிசைகளை நீக்கும் ‘ரிமூவ் எர்ரர்ஸ்’ கட்டளையை அழுத்துவது. அது அந்தப் பதினெட்டு நாள்களையும் எடையோடு சேர்த்துத் துடைத்துவிட்டு, பிழை இருந்த தடயத்தையும் அழித்துவிடுகிறது. அந்தக் கட்டளைக்கு மாறாக, பிழை வரிசைகளை மட்டும் தனியே காட்டும் ‘கீப் எர்ரர்ஸ்’ கட்டளையால் ஒரு சோதனைக் கொயரியை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்யும் முறை இதுதான். மூலக் கொயரியில் தேதி எழுத்தாகவே இருக்கட்டும். சீர் கொயரியில் வகை மாற்றும்போது, எந்த நாட்டு முறைப்படி படிப்பது என்று கேட்கும் ‘யூஸிங் லோகேல்’ என்பதைத் தேர்ந்து, ஆங்கிலம் (இந்தியா) என்று குறிப்பிடுங்கள். அதன் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே விடை வரும். கோப்பின் பெயர் வரும் நெடுவரிசையை நீக்காமல் வைத்திருந்தால், ‘அருமனை_2025_04’ என்ற கோப்பிலிருந்து வந்த எல்லாத் தேதிகளும் அந்த மாதத்துக்குள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கோப்பின் முதல், கடைசித் தேதிகளைக் கொண்டு சோதிக்கலாம்.

ஒரே ஒரு நிலைமையில் இது பலிக்காது. நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் யாராவது சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமித்திருந்தால், தேதி கோப்புக்குள்ளேயே மாறியிருக்கும். ‘00417’ என்ற உறுப்பினர் எண் 417 ஆகியிருக்கும். வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் மிச்ச இலக்கங்கள் பூச்சியமாகியிருக்கும். வரிசைகள் 10,48,576க்கு மேல் இருந்தால் மிகுதி வெட்டுப்பட்டிருக்கும். இவற்றில் எதையும் கொயரியால் மீட்க முடியாது. மூலக் கோப்புகள் இருக்கும் கோப்புறைக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, பார்க்க விரும்புகிறவர் நகல் எடுத்துப் பார்க்கட்டும் என்று விதி வைப்பது ஒன்றுதான் தடுப்பு.

அறிகுறி: மொத்தக் கிலோ பதிவேட்டைவிடக் கூடுதலாக வருகிறது, ஆனால் எல்லா உறுப்பினருக்கும் கூடவில்லை

சீர் அடுக்கு வரை எண் சரியாக இருந்து, உறுப்பினர் பட்டியலோடு மெர்ஜ் செய்த (இணைத்த) படியில் வரிசைகள் கூடியிருந்தால், பட்டியலில் ஓர் உறுப்பினர் எண் இரண்டு முறை இருக்கிறது என்று பொருள். நமது சங்கத்தில் இதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒருவருக்கு அருமனையில் ஒரு தோட்டமும் கடையாலில் ஒரு தோட்டமும் இருந்தால், பட்டியல் எழுதியவர் இரண்டு வரிசையாக எழுதியிருப்பார். அவருடைய ஒவ்வொரு சீட்டும் இரண்டு வரிசையோடும் பொருந்தி இரட்டிப்பாகும். ஒரு தோட்டம் உள்ளவர்களின் கணக்கில் எதுவும் மாறாது. ஆகவே ஒன்றிரண்டு உறுப்பினர்களை மட்டும் சரிபார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது.

பட்டியலை உறுப்பினர் எண்ணால் ‘குரூப் பை’ செய்து, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைப் பாருங்கள். ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ அழுத்தினால் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் கடையால் தோட்டம் அறிக்கையிலிருந்து மறையும், எந்த வரிசை தங்கும் என்பதும் உங்கள் கையில் இராது. உறுப்பினருக்கு ஓர் அட்டவணை, தோட்டத்துக்கு ஓர் அட்டவணை என்று பிரிப்பதே நிலையான தீர்வு. சீட்டில் தோட்ட எண் இல்லையென்றால் அதை எழுதத் தொடங்கச் சொல்ல வேண்டும். இல்லாத விவரத்தை எந்தக் கொயரியும் உண்டாக்காது.

இதன் நெருங்கிய உறவினரான இன்னொரு சிக்கல், பட்டியலில் இரட்டை எதுவும் இல்லை என்று பவர் கொயரி சொன்ன பிறகும், பவர் பிஐ மாதிரியில் (அட்டவணைகளை உறவுகளால் இணைக்கும் டேட்டா மாடலில்) உறவு ஏற்படுத்தும்போது இரட்டை இருப்பதாகச் செய்தி வருவது. இரண்டும் வெவ்வேறு விதமாகப் பார்க்கின்றன என்பதே காரணம். பவர் கொயரி ஆங்கிலச் சிற்றெழுத்தையும் பேரெழுத்தையும் வெவ்வேறாகக் கொள்கிறது. பவர் பிஐயின் மாதிரி இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. உறுப்பினர் எண்ணில் ஆங்கில எழுத்து இருந்தால், சீர் அடுக்கிலேயே எல்லாவற்றையும் பேரெழுத்தாக மாற்றிவிட்டு அதன் பிறகு இரட்டையைத் தேடுங்கள்.

அறிகுறி: ஊர்ப் பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் இணைய மறுக்கிறது

தமிழில் தரவு வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பார்கள். ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றி அநேகமாக எதுவும் இராது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

‘தோவாளை’ என்ற சொல்லை இரண்டு கோப்புகளிலிருந்து எடுத்து, அதன் நீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றில் 6 என்றும் மற்றொன்றில் 7 என்றும் வரலாம். யூனிகோடில் ‘ோ’ என்ற உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ‘ே’ குறியையும் ‘ா’ குறியையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு தரம் இரண்டையும் நிகரானவை என்றே கொள்கிறது. ஆனால் பவர் கொயரி குறிக்குக் குறி ஒப்பிடுவதால் இவை அதற்கு இருவேறு ஊர்கள். பழைய எழுத்துருக்களில் இருந்த பட்டியலை மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தவர்களிடமும், சில விசைப்பலகைகளைப் பயன்படுத்துகிறவர்களிடமும் இந்தப் பிரிந்த வடிவம் அதிகம் தென்படும். கொட்டாரம், கொல்லங்கோடு, தோவாளை, விளவங்கோடு என்று ஒகர, ஓகாரங்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. ஆகவே தொல்லையும் நமக்குக் கொஞ்சம் கூடுதல்தான்.

சீர் அடுக்கில் மூன்று மாற்றீடுகளை ஒரு சிறு செயற்கூறாக எழுதி, தமிழ் எழுத்து வரும் எல்லா நெடுவரிசைகளிலும் அதையே பயன்படுத்துங்கள். குறி எண்ணிலிருந்து எழுத்தைத் தரும் செயற்கூறு பவர் கொயரியில் இருக்கிறது, அதற்குப் பதின்ம எண்ணைக் கொடுத்தால் போதும். 3014, 3006 ஆகிய இரண்டும் அடுத்தடுத்து வந்தால் 3018 (‘ொ’) என்று மாற்றுங்கள். 3015, 3006 வந்தால் 3019 (‘ோ’). 3014, 3031 வந்தால் 3020 (‘ௌ’). கூடவே, கண்ணுக்குத் தெரியாத 8203, 8204, 8205 ஆகிய குறிகளை நீக்கிவிட்டு, 160 என்ற பிரியா இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். பவர் கொயரியின் ‘ட்ரிம்’ முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை மட்டுமே நீக்கும். எக்செலின் ‘ட்ரிம்’ செய்வதுபோல் நடுவில் உள்ள இரட்டை இடைவெளியை ஒன்றாக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஔகாரத்துக்கு ‘ெ’ குறியோடு ‘ள’ எழுத்தைத் தட்டியிருப்பது, ‘ா’ என்ற காலுக்குப் பதில் ‘ர’ போட்டிருப்பது போன்றவற்றைத் தானியங்கியாக மாற்ற முயல வேண்டாம். அதே எழுத்து வரிசை சரியான சொற்களிலும் வரும் என்பதால், ‘வெள்ளம்’ போன்ற ஒரு சொல் சிதைந்துவிடும். இவற்றையும், திருவட்டாறு, திருவட்டார் போன்று இரண்டு விதமாகவும் வழங்கும் பெயர்களையும் ஒரு மாற்றுப் பெயர் அட்டவணையில் எழுதிவைப்பதே சரி. முதல் நெடுவரிசையில் கோப்பில் வந்த வடிவம், இரண்டாவதில் சங்கம் ஏற்ற வடிவம். எது ‘சரியான’ பெயர் என்ற விவாதத்தைக் கொயரிக்குள் கொண்டுவரத் தேவையில்லை. மாதந்தோறும் ‘லெஃப்ட் ஆன்டி’ வகை மெர்ஜ் ஒன்றை ஓட்டி, எந்தப் பெயரோடும் சேராமல் நின்றவற்றைப் பார்த்து அட்டவணையில் சேர்த்துவந்தால், சில மாதங்களில் அது தானாகவே நிறைந்துவிடும்.

அறிகுறி: முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் வரத்து திடீரென்று சரிந்திருக்கிறது

மரங்கள் குறையவில்லை, தாலுகாக்கள்தாம் பிரிந்தன. நான்கு தாலுகாக்கள் இருந்த மாவட்டத்தில் கிள்ளியூர், திருவட்டார் என இரண்டு புதிதாக உருவாகி இப்போது ஆறு ஆகிவிட்டன. பழைய கோப்புகளில் பழைய தாலுகாவும் புதியவற்றில் புதியதும் எழுதப்பட்டிருக்கும். தாலுகாவைச் சீட்டிலிருந்து எடுக்காமல், கிராமப் பெயரை மட்டும் எடுத்து, கிராமம் எந்தத் தாலுகாவில் என்பதைத் தனி அட்டவணையிலிருந்து இணைத்தால், எல்லா ஆண்டுகளையும் இன்றைய எல்லைப்படியே ஒப்பிடலாம். அன்றைய எல்லைப்படியும் அறிக்கை வேண்டும் என்றால் அதே அட்டவணையில் ‘எந்தத் தேதி முதல்’ என்ற நெடுவரிசை ஒன்று கூடுதலாகத் தேவைப்படும்.

அறிகுறி: ஞாயிற்றுக்கிழமைகளில் மதிப்பு வெறுமை, அல்லது மதிப்பு நூறு மடங்கு

பால் எல்லா நாளும் வரலாம்; சந்தை விலை எல்லா நாளும் வராது. தேதியை வைத்து நேரடியாக இணைத்தால் விடுமுறை நாள்களில் விலை இல்லாமல் போகும். முதலில் இடைவெளியில்லாத நாள்காட்டி அட்டவணை ஒன்றை உருவாக்கி, அதனோடு விலையை இணைத்து, தேதி வரிசையில் அடுக்கி, ‘ஃபில் டவுன்’ மூலம் முந்தைய நாளின் விலையைக் கீழிறக்குங்கள். முந்தைய நாள் விலைதான் செல்லும் என்பது சங்கத்தின் முடிவா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்த நாள் விலையைக் கொடுக்கும் வழக்கமும் இருக்கலாம். வாரியத்தின் விலை 100 கிலோவுக்கானது. சீட்டின் எடை கிலோவில் இருக்கிறது. அலகு மாற்றத்தைச் சீர் அடுக்கில் செய்து, நெடுவரிசைக்கு ‘விலை_ரூ_கிலோ’ என்றே பெயர் வைத்துவிட்டால் யாரும் மறுபடி வகுக்கமாட்டார்கள்.

அறிகுறி: மாதச் சராசரி டிஆர்சி, ஆலையின் கணக்கோடு ஒத்துவரவில்லை

ஒருவர் 10 கிலோ பாலை 40 சதவீதத்திலும், மற்றொருவர் 90 கிலோ பாலை 30 சதவீதத்திலும் கொடுத்தால், சதவீதங்களின் சராசரி 35. ஆனால் கிடைத்த உலர் ரப்பர் 4 கிலோவும் 27 கிலோவும் சேர்ந்து 31 கிலோ. 100 கிலோ பாலுக்கு அது 31 சதவீதம். ஆலை பார்ப்பது இந்த 31ஐத்தான். சீட்டு மட்டத்திலேயே உலர் எடையைக் கணக்கிட்டு வைத்துவிட்டு, சதவீதத்தைக் கடைசியில், உலர் எடையின் மொத்தத்தைப் பால் எடையின் மொத்தத்தால் வகுத்துப் பெற வேண்டும். கோப்பைச் சிறிதாக்கும் எண்ணத்தில் சீர் அடுக்கிலேயே நாள்வாரிச் சராசரியாகச் சுருக்கியவர்களால் இதைப் பிறகு திருத்தவே முடியாது. கடைசி அடுக்கு வரை சீட்டு சீட்டாகவே இருக்கட்டும்.

அறிகுறி: வேறு கொயரியைச் சுட்டுவதால் தரவு மூலத்தை நேரடியாக அணுகக் கூடாது என்ற செய்தி

ஒரு மூலத்தின் தரவு இன்னொரு மூலத்துக்குக் கசியாமல் காக்கும் பவர் கொயரியின் ‘ஃபார்முலா ஃபயர்வால்’ தருகிற இந்தச் செய்தியைக் கண்டவுடன் தனியுரிமை மட்டங்களைப் புறக்கணிக்கும் தேர்வை இடுவது பரவலான பழக்கம். ஒரே கொயரி ஒரு கோப்பையும் திறந்து, இன்னொரு கொயரியையும் சுட்டும்போதுதான் அநேகமாக இது எழுகிறது. கோப்பைத் திறக்கும் வேலையை மூலக் கொயரிக்கு நகர்த்தினால் பெரும்பாலும் தானாகவே நீங்கும். உறுப்பினர்களின் வங்கி விவரமும் ஒரு மூலமாக இருக்கும் சங்கத்தில் அந்தத் தேர்வை இடுவதை நான் ஏற்கமாட்டேன். அறிக்கைக்கு வேண்டாத கணக்கு எண், ஆதார் எண் ஆகியவற்றை மட்டும், மூலக் கொயரியில் எதையும் தொடாதே என்ற விதிக்கு விலக்காக, அங்கேயே நீக்கிவிடலாம்.

அறிகுறி: ரிஃப்ரெஷ் மாதத்துக்கு மாதம் மெதுவாகிறது

மூலக் கொயரியை ஐந்து கொயரிகள் சுட்டினால் கோப்புகள் ஒருமுறை படிக்கப்பட்டு ஐவருக்கும் பகிரப்படும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நடக்கும் என்ற உறுதி இல்லை. ஏற்றப்படும் ஒவ்வொரு கொயரியும் தனித்தனியாக மேல்நோக்கிச் சென்று கோப்புகளைத் திரும்பப் படிக்கக்கூடும். முடிந்துபோன ஆண்டுகளின் சீட்டுகளை ஒரே கோப்பாகச் சேர்த்துத் தனியே வைத்து, நடப்பு நிதியாண்டின் கோப்புறையை மட்டும் மாதந்தோறும் படிக்கச் செய்தாலே பெரும் வேறுபாடு தெரியும். பவர் பிஐயின் இணையச் சேவை இருப்பவர்கள் மூல, சீர் அடுக்குகளை டேட்டாஃப்ளோவாக (சேவையிலேயே ஓடி விடையைச் சேமித்து வைக்கும் கொயரியாக) வைத்தால் படிப்பது ஒருமுறையோடு முடியும்.

தரவு எஸ்க்யூஎல் தரவுத்தளத்திலிருந்து வந்தால் பார்க்க வேண்டியது வேறு. வடிகட்டலும் சுருக்கலும் தரவுத்தளத்துக்கே அனுப்பப்படுகின்றனவா என்பதை, படியின் மேல் வலச்சொடுக்கி ‘வியூ நேட்டிவ் கொயரி’ ஒளிர்கிறதா என்று பார்த்து அறியலாம். ஒரு படியில் அது மங்கினால், அதற்குப் பிந்தைய வேலை உங்கள் கணினியில் நடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வரிசை எண் சேர்ப்பது போன்ற படிகளை வடிகட்டலுக்குப் பின்னால் தள்ளுங்கள். சிஎஸ்வி, எக்செல் கோப்புகளுக்கு இந்த வசதியே இல்லை. அங்கே இதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, இணையச் சேவையில் ஓடுவதில்லை, ஓடினாலும் ‘இன்று’ என்பது நேற்றைக் காட்டுகிறது

கோப்பின் பாதை உங்கள் பெயர் கொண்ட கோப்புறைக்குள்ளோ, உங்கள் கணினியில் மட்டும் தெரியும் ஓர் இயக்கி எழுத்திலோ இருந்தால் சேவையால் அதை எட்ட முடியாது. பாதையை ஓர் அளவுருவாக எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். அலுவலகக் கணினியிலுள்ள கோப்புகளுக்கு, அதற்கும் சேவைக்கும் பாலமாக இயங்கும் கேட்வே மென்பொருள் தேவை. அந்தக் கணினி அணைந்திருந்தாலோ கடவுச்சொல் மாறியிருந்தாலோ ரிஃப்ரெஷ் தோற்கும். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் அட்டவணையிட்ட ரிஃப்ரெஷைச் சேவையே நிறுத்திவிடும். நீண்ட விடுமுறையில் மின்சாரம் போன பிறகு, கணினியை இயக்கியும் அறிக்கை புதுப்பிக்கப்படாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அமைப்புக்குள் சென்று கையால் மீண்டும் இயக்க வேண்டும். ப்ரோ உரிமத்தில் நாளொன்றுக்கு 8 ரிஃப்ரெஷ் மட்டுமே அட்டவணையிட முடியும்.

சேவையின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமது நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். காலை 5 மணிக்கு ரிஃப்ரெஷ் வைத்தால், சேவைக்கு அது முந்தைய நாள் இரவு 11:30. பால் வெட்டு நடக்கும் நேரத்தில் அறிக்கையைத் திறப்பவருக்கு ‘இன்று’ என்ற நெடுவரிசை நேற்றைத் தருவது இதனால்தான். பொது நேரத்தை எடுத்து 5 மணி 30 நிமிடம் நகர்த்தும் ஒரே கொயரியை எழுதி, தேதி தேவைப்படும் எல்லா இடங்களிலும் அதைச் சுட்டுங்கள்.

அறிகுறி: இரண்டு பேரின் அறிக்கைகளில் ஒரே மாதத்துக்கு இரண்டு எண்கள், இரண்டிலும் பிழை எதுவும் இல்லை

சுயசேவை என்று விட்ட இடத்தில் இது வந்தே தீரும். ஒருவர் பாலின் எடையை ‘வரத்து’ என்கிறார், மற்றவர் உலர் ரப்பரின் எடையை. ஒருவர் சீட்டின் தேதியால் மாதத்தைப் பிரிக்கிறார், மற்றவர் பணம் கொடுத்த தேதியால். இருவரும் தத்தம் மடிக்கணினியில் மூலத்திலிருந்தே தனித்தனியாகத் தொடங்கியிருக்கிறார்கள். யாருடையது சரி என்று தீர்ப்பதற்கு முன், மூல, சீர் அடுக்குகளைச் சங்கத்துக்கு ஒன்றே என ஆக்கி, பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மற்றவர்கள் சீர் அடுக்கிலிருந்து எடுத்துத் தமக்கு வேண்டிய அறிக்கையை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்; அந்த உரிமையைப் பறித்தால் எல்லோரும் பழையபடி எக்செலில் வெட்டி ஒட்டத் தொடங்கிவிடுவார்கள்.

சீர் அடுக்கில் ‘வரத்து’ என்று ஒரு நெடுவரிசை இருக்கக் கூடாது. ‘பால்_எடை_கிலோ’, ‘உலர்_எடை_கிலோ’, ‘சீட்டு_தேதி’, ‘பட்டுவாடா_தேதி’ என்று நான்கும் தனித்தனியே நிற்கட்டும். விதி மாறும்போது, எடுத்துக்காட்டாக டிஆர்சியை ஒரு தசமத்துக்குப் பதில் இரண்டு தசமமாகக் கொள்வது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானால், பழைய நெடுவரிசையின் சூத்திரத்தைத் திருத்தாமல், முடிவின் தேதிக்குப் பிந்தைய சீட்டுகளுக்கு மட்டும் புதிய விதி செல்லும்படி எழுதி, அந்தப் படியின் விளக்கக் குறிப்பில் தேதியையும் யார் சொன்னது என்பதையும் பதிந்துவிடுங்கள். தணிக்கையாளர் இரண்டு ஆண்டு கழித்துக் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.